எட்டு எபிசோடுக்கு நான்கு மாதம்: ஒரு டிவி எழுத்தாளரை மதிப்பெண் வைத்து வரிசைப்படுத்தப் போன அனுபவம்

போன வருஷம் ஆரம்பத்தில் யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், சீட்டு எடுத்த பணத்தில் 29,500 ரூபாய் என் கையில் இருந்திருக்கும். சம்பளமில்லாமல் போட்ட இரண்டு மாத லீவும் மிச்சமாகியிருக்கும். பணத்தைவிட, நான்கு மாத இரவுகள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இதே மாதிரி ஒரு எழுத்தாளரின் எபிசோடுகளை மதிப்பெண்படி வரிசைப்படுத்தும் வேலையை யாராவது தனியாக ஆரம்பிக்க நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு சீரியலின் கதைக்குழுவில் உதவியாளர். சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். கதாசிரியர் சொல்லும் ஒன்லைனைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதி வசனகர்த்தாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வியாழக்கிழமை டிஆர்பி வரும். எண் ஏறியிருந்தால் டீயோடு பஜ்ஜியும் வரும். இறங்கியிருந்தால் அந்த வாரம் யார் எழுதிய காட்சி ஓடியது என்று பேச்சு வரும். மூன்று வருஷம் அந்த அறையில் இருந்ததில், எழுத்துக்கு நீதிபதி எண்தான் என்ற நம்பிக்கை எனக்குள் ஊறிப் போயிருந்தது. என் தப்புக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

‘பிரேக்கிங் பேட்’ தொடரை நான் இரண்டு முறை முழுதாகப் பார்த்தவள். வால்ட் என்ற வேதியியல் வாத்தியார், தன் பழைய மாணவன் ஜெஸ்ஸியோடு சேர்ந்து போதைப்பொருள் காய்ச்சும் கதை. 2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஏஎம்சி சேனலில் ஓடிய 62 எபிசோடுகள். அதில் 2013 செப்டம்பரில் வந்த ‘ஆஸிமாண்டியஸ்’ எபிசோடுக்கு ஐஎம்டிபி என்ற இணையதளத்தில் பார்வையாளர்கள் கொடுத்த மதிப்பெண் பல வருஷம் பத்துக்குப் பத்தாகவே இருந்தது. எழுதியவர் மொய்ரா வாலி-பெக்கெட். கனடாவில் பிறந்து, நடிகையாக இருந்து, பிறகு எழுத்துக்கு வந்தவர். அந்த எபிசோடுக்காக 2014-ல் அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மி வாங்கினார். அந்த வருஷம் அதே பிரிவில் போட்டியிட்டதில் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் எழுதிய கடைசி எபிசோடும் ஒன்று. ஒரு சீரியல் ஆபீஸில் பெயர் வராமல் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தப் பெண்மணி எவ்வளவு உயரத்தில் தெரிந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

என் திட்டம் இதுதான். அவர் எழுதிய எபிசோடுகளைப் பார்வையாளர் மதிப்பெண்படி மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். மேலே இருக்கும் மூன்றை மட்டும் எடுத்துக் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். கீழே இருப்பதில் என்ன தப்பு என்று பார்த்து, அதைச் செய்யாமல் இருக்கப் பழக வேண்டும். கூடவே அதைத் தமிழில் நீளமான ஒரு வீடியோவாக்கினால் நாலு பேருக்கு என்னைத் தெரியும் என்ற ஆசையும் இருந்தது.

முதல் சறுக்கல் ‘ரேட்டிங்’ என்ற வார்த்தையிலேயே. நம் ஊர் சீரியல் ஆட்களுக்கு ரேட்டிங் என்றால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. ஐஎம்டிபி மாதிரி இடங்களில் ரேட்டிங் என்றால் பார்த்தவர்கள் ஒன்று முதல் பத்துக்குள் கொடுக்கும் மதிப்பெண். இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் மூன்று வாரம் இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சராசரி எடுக்கப் பார்த்தேன். 2010-ல் வந்த ‘ஃப்ளை’ எபிசோடை அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 12 லட்சம். ‘ஆஸிமாண்டியஸ்’ சுமார் 64 லட்சம். அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்த கடைசி எபிசோடு ஒரு கோடியைத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கும் எழுத்துக்கும் இருக்கும் சம்பந்தம் நான் நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. இடையில் நெட்ஃபிளிக்ஸில் பழைய சீசன்களை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் புதிதாக வந்து சேர்ந்த கூட்டம் அது. கில்லிகனே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நீங்கள் எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதா, பார்த்தவர்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பதா? இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

அடுத்தது பணம் போன கதை. எபிசோடு வாரியாக மதிப்பெண், எழுத்தாளர் பெயர், தேதி எல்லாம் சேர்த்து, சுத்தம் செய்த தரவு என்று ஒருவர் ஆன்லைனில் விற்றார். 4,500 ரூபாய். எனக்கு எக்செல் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வாங்கிவிட்டேன். ஐஎம்டிபி இந்தத் தரவையெல்லாம் தினமும் புதுப்பித்து இலவசமாகவே கோப்புகளாகக் கொடுக்கிறது என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மதிப்பெண்ணும் ஓட்டு எண்ணிக்கையும் ஒரு கோப்பில், எந்தத் தொடரின் எத்தனையாவது சீசன் என்பது ஒரு கோப்பில், எழுத்தாளர், இயக்குநர் விவரம் இன்னொரு கோப்பில். ஒரு அடையாள எண்ணை வைத்து மூன்றையும் கோக்க வேண்டும், அவ்வளவுதான். கணினி படிக்கும் என் சித்தி பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில், இதைச் செய்து கொடுத்துவிட்டான். அவனை முதலிலேயே கேட்காமல் விட்டதற்கு என்னை நானே எத்தனை முறை நொந்துகொண்டேன் தெரியுமா. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இலவசக் கோப்புகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், வியாபாரத்துக்கு இல்லை. விளம்பர வருமானம் வரும் வீடியோ போடப் போகிறீர்கள் என்றால் அந்த நிபந்தனையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வாங்கிய அட்டவணையில் வாலி-பெக்கெட் பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு எழுதியிருக்கிறாரே என்று. மதிப்பெண்படி அடுக்கினேன், முதல் பத்தை எடுத்தேன், லீவு போட்டேன், ஸ்கிரிப்ட் எழுதினேன். குரல் பதிவுக்கு ஸ்டுடியோ வாடகை 7,000. எடிட்டருக்கு 18,000. வீடியோ 42 நிமிஷம் வந்தது.

அதை வெளியிடுவதற்கு முன்னால் எங்கள் வசனகர்த்தாவிடம் காட்டினேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் துறையில் இருப்பவர், அதிகம் பேச மாட்டார். பதினைந்தாவது நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னார். “ஏம்மா, இந்தக் கடைசி எபிசோட இவங்க எழுதினதுன்னு சொல்றியே, நீ டைட்டில் பாத்தியா?” என்றார். “ஷீட்ல இருக்கு சார்” என்றேன். “ஷீட்ட விடும்மா. படத்தப் போடு.” போட்டேன். ‘ஃபெலினா’ என்ற அந்த எபிசோடின் தொடக்கத்தில், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எழுத்து, இயக்கம் இரண்டுக்கும் வின்ஸ் கில்லிகன் என்று ஒரே பெயர் வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அதற்கு முந்தைய எபிசோடைப் போட்டோம். அதில் பீட்டர் கோல்ட். ‘ஆஸிமாண்டியஸ்’-க்கு முந்தையதில் ஜார்ஜ் மாஸ்ட்ராஸ். என் முதல் ஐந்தில் மூன்று அவருடையதே இல்லை. சார் எதுவும் திட்டவில்லை. “இரும்மா, டீ சொல்றேன்” என்று எழுந்து வெளியே போனார். அந்த ஐந்து நிமிஷம் நான் அழுதது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. இந்த மாதிரித் தரவுகளில் எழுத்துத் துறையின் கீழ் நிறைய பேர் வருவார்கள். தொடரை உருவாக்கியவர், கதை ஆசிரியர், பணியாளர் எழுத்தாளர் என்று. யார் என்ன பொறுப்பு என்பது பெயருக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். எனக்கு விற்றவர் ‘சுத்தம்’ செய்தபோது அந்தப் பகுதியையே வெட்டி எறிந்திருந்தார். கேட்டதற்கு, கொடுத்தது கொடுத்ததுதான், பணம் திரும்ப வராது என்று பதில் வந்தது.

எந்த அட்டவணையையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு எபிசோடையும் திறந்து, திரையில் வரும் எழுத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். அமெரிக்கத் தொடர்களில் அந்தச் சின்ன அட்டையில் இருக்கும் ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் இருக்கிறது. அங்கே எழுத்தாளர் சங்கத்தின் விதிப்படி, இரண்டு பெயருக்கு நடுவில் ‘&’ என்ற குறி இருந்தால் இரண்டு பேரும் ஜோடியாகச் சேர்ந்து எழுதியது. குறி இல்லாமல் ‘ஆண்ட்’ என்று வார்த்தையாகவே இருந்தால் தனித்தனியாக, ஒருவருக்குப் பின் ஒருவர் வேலை செய்தது. கதை ஒருவர், திரைக்கதை இன்னொருவர் என்றும் பிரித்துப் போடுவார்கள். நம் சீரியலில் கதை, திரைக்கதை, வசனம் என்று வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சுலபமாகவே பிடிபடும். இன்னொன்று, ‘பிரேக்கிங் பேட்’ எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அட்டைகளைப் பலகையில் குத்திக் குத்தி, கதையை ஒன்றாகத்தான் கட்டினார்கள். அதன் பிறகுதான் ஒரு எபிசோடு ஒருவர் கைக்குப் போகும். அட்டையில் ஒரு பெயர் இருந்தாலும் அதற்குள் ஒரு அறையே இருக்கிறது. அப்படி ஒரு அறையில் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும் நானே இதை மறந்துபோனேன் என்பதுதான் எனக்குப் பெரிய வலி.

ஆக, திரும்ப ஆரம்பம். இந்த முறை திரையைப் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். எட்டு வந்தன. இரண்டாம் சீசனில் ‘பிரேக்கேஜ்’, ‘ஓவர்’. மூன்றாம் சீசனில் ‘மாஸ்’, ‘ஃப்ளை’. நான்கில் ‘புல்லட் பாயிண்ட்ஸ்’, ‘எண்ட் டைம்ஸ்’. ஐந்தில் ‘கிளைடிங் ஓவர் ஆல்’, ‘ஆஸிமாண்டியஸ்’. இதில் ‘ஃப்ளை’ சாம் கேட்லினோடும், ‘எண்ட் டைம்ஸ்’ தாமஸ் ஷ்நாஸோடும் சேர்ந்து எழுதியவை. மதிப்பெண் போட்டு அடுக்கினேன். ‘ஆஸிமாண்டியஸ்’ மேலே. அடுத்து ‘கிளைடிங் ஓவர் ஆல்’, ‘எண்ட் டைம்ஸ்’, இரண்டும் ஒன்பதரைப் பக்கம். பிறகு எட்டரைக்கு முன்னும் பின்னுமாக நான்கு. கடைசியில், எட்டுக்கும் கீழே இறங்கி, ‘ஃப்ளை’.

அந்த வரிசையை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ உறுத்தியது. மூன்றாம் நாள் பக்கத்தில் ஒளிபரப்பான தேதியைப் போட்டதும் விளங்கியது. ‘ஃப்ளை’யை மட்டும் எடுத்துவிட்டால், நான் அடுக்கியது அநேகமாகத் தேதி வரிசை. பழையது கீழே, புதியது மேலே. அவருடைய எழுத்தை வரிசைப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு நாட்காட்டியைக் காப்பி அடித்திருக்கிறேன். ‘எண்ட் டைம்ஸ்’ நான்காம் சீசனின் கடைசிக்கு முந்தையது. ‘கிளைடிங் ஓவர் ஆல்’, ஏறக்குறைய ஒரு வருஷ இடைவெளிக்கு முன்னால் வந்தது, வால்ட்டின் சகலையான போதைத் தடுப்பு அதிகாரி ஹேங்க், குளியலறையில் வால்ட்டைக் காட்டிக்கொடுக்கும் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கும் எபிசோடு. ‘ஆஸிமாண்டியஸ்’ முடிவுக்கு இரண்டு எபிசோடு முன்னால். கதை உச்சத்துக்குப் போகும் இடங்கள் இவை. அந்த இடத்துக்கு வந்து சேரும் பார்வையாளர் நாற்பது எபிசோடுக்கு மேல் தாண்டி வந்தவர். பிடிக்காதவர்கள் பாதியிலேயே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் பத்து போடத் தயாராகத்தான் இருப்பார்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சின்னது. ஒரு எபிசோடின் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டிரண்டு எபிசோடுகளின் சராசரியோடு கழித்துப் பாருங்கள். ‘ஆஸிமாண்டியஸ்’-ஐ அப்படிப் பார்த்தால், நான் எடுத்த அன்று முந்தையது 9.8, அடுத்தது 9.7, கடைசி 9.9. பத்துக்குப் பத்து என்ற மலை, பக்கத்தில் போய்ப் பார்த்தால் அரைப் புள்ளி உயரம்கூட இல்லை. அது மகத்தான எபிசோடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மகத்துவம் அந்த எண்ணில் இல்லை. ஓட்டு எண்ணிக்கையையும் கட்டாயம் பாருங்கள். ஆயிரம் பேர் போட்ட 9-ம் லட்சம் பேர் போட்ட 9-ம் ஒன்று இல்லை. திரையில் தெரியும் எண் வெறும் கூட்டல் சராசரியும் இல்லை. ஐஎம்டிபி தன் முறையில் எடை போட்டுத்தான் காட்டுகிறது, அந்த முறையை வெளியே சொல்வதில்லை. எண் மாறிக்கொண்டும் இருக்கும், அதனால் எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். வேறு வேறு தொடர்களை ஒரே பட்டியலில் கலக்கவும் வேண்டாம். அவர் பிற்பாடு உருவாக்கிய ‘ஆன் வித் அன் ஈ’ தொடரையும் சேர்க்கப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கினேன். அதைப் பார்க்கும் கூட்டம் வேறு, அவர்கள் மதிப்பெண் போடும் மனசும் வேறு.

‘ஃப்ளை’யைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். மொத்தத் தொடரிலேயே மதிப்பெண்ணில் கடைசியில் இருப்பது இது. இயக்கியவர் ரையன் ஜான்சன். ‘ஆஸிமாண்டியஸ்’-ஐ இயக்கியதும் அவர்தான். தொடரின் உச்சியிலும் அடியிலும் அதே எழுத்தாளர், அதே இயக்குநர். என் பழைய திட்டப்படி இதைத்தான் ‘செய்யக் கூடாதது’ என்று நான் படிக்க இருந்தேன். பட்ஜெட் இடித்ததால் இருக்கும் செட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டிய கட்டாயத்தில் எழுதியது. இரண்டே பேர், ஒரு ஆய்வுக்கூடம், ஒரு ஈ. மதிப்பெண் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்தேன். பத்து கொடுத்தவர்களும் ஏராளம், ஒன்று கொடுத்தவர்களும் கண்ணில் படும் அளவுக்கு இருக்கிறார்கள். சராசரி அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நிற்கிறது.

லீவின் கடைசி வாரத்தில் அதைத் திரும்பப் பார்த்தேன், ஒரு ரூல் நோட்டோடு. ஜெஸ்ஸி காபியில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்துவிட்டான். வால்ட்டுக்குக் கண் சொருகுகிறது. ஜெஸ்ஸி உயரத்தில் ஏணி மேல் நின்று ஈயை அடிக்கப் பார்க்கிறான். ஏணி ஆடாமல் கீழே பிடித்துக்கொண்டிருப்பவர் வால்ட். அரைத் தூக்கத்தில், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் விஷயத்தில் வருத்தமாக இருக்கிறது என்று வால்ட் வாய் திறக்கிறார். அந்தப் பெண் இறந்தபோது தான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பதை இதோ சொல்லிவிடப் போகிறார். மேலே இருப்பவன் ஈயைப் பார்க்கிறான். நம் கண் வால்ட்டின் கை மேலேயே இருக்கிறது. அந்தக் கை ஏணியை விட்டால் ஒருவன் விழுவான், அந்த வாய் திறந்தால் இருவருமே விழுவார்கள். வசனம் ரொம்பக் குறைவு. யாரும் கத்தவில்லை, இசை ஓங்கவில்லை. நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். மூன்று வருஷ வியாழக்கிழமைகள் எனக்குக் கற்றுத் தராததை அந்த ஏணி கற்றுத் தந்தது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இதைத் தூக்கிப் போட்டிருப்பேன் என்று நினைக்கும்போது உடம்பு நடுங்கிவிட்டது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு வியாழக்கிழமை எண் இறங்கி வந்தது. நான் பிரித்த ஒரு காட்சியைச் சொன்னார்கள். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று முதன்முறையாக, “சார், அந்த வாரம் ரெண்டு நாள் ஐபிஎல் மேட்ச் நம்ம ஸ்லாட்லயே இருந்துச்சு, மத்த சேனல் சீரியலும் இறங்கியிருக்கான்னு பாக்கலாமா” என்று கேட்டேன். பார்த்தார்கள். இறங்கியிருந்தது. வசனகர்த்தா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

வீடியோவை வெளியிடவே இல்லை. எடிட்டருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான், அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கும் வரிசைப்படுத்தும் ஆசை இருந்தால், ஒரே தொடர், ஒரே எழுத்தாளர், பத்து எபிசோடுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்க ஒரு நாள், இலவசத் தரவு எடுக்க ஒரு நாள், பக்கத்து எபிசோடுகளோடு கழித்துப் பார்க்க ஒரு நாள். அதற்கு மேல் எண்ணுக்கு நேரம் கொடுக்காதீர்கள். யாரிடமாவது காட்டாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மிச்ச நேரம் முழுக்க எபிசோடுகளுக்கு.

நான் இப்போது எட்டையும் ஒளிபரப்பான வரிசையிலேயே, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ‘ஓவர்’. ஹார்டுவேர் கடையில் வால்ட் சாமான் வாங்க நிற்கிறார். ஒருவன் வண்டி நிறைய அடுக்கியிருக்கும் சாமானைப் பார்த்ததுமே அவருக்குப் புரிகிறது, இவனும் அதே சரக்குத்தான் காய்ச்சப் போகிறான் என்று. முதலில் ஒரு வாத்தியார் மாதிரி, நீ தப்பான தீப்பெட்டி வாங்குகிறாய் என்று திருத்துகிறார். பிறகு வரிசையில் நிற்கும்போது முகம் மாறுகிறது. சாமானைப் போட்டுவிட்டு வெளியே நடக்கிறார், என் எல்லைக்குள் வராதே என்று சொல்ல. வாத்தியார் உள்ளே நிற்கிறார், வெளியே போவது வேறு ஆள். நடுவில் இருப்பது ஒரு கதவுதான். நோட்டில் அந்தக் கதவைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் ‘மாஸ்’.